தை, மாசி வெயிலில் பெயின்ட் வேலை: லயத்துக்கு ரோலரா, ஸ்பிரேயா?

சப்ரகமுவவில் சுவருக்குப் பெயின்ட் பூச வாய்க்கும் நாட்கள் குறைவு. இரத்தினபுரிப் பக்கம் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். அது ஓய்ந்தால் ஐப்பசி, கார்த்திகையில் இடிமழை. தீபாவளிக்காக ஈரச் சுவரில் அவசரமாக அடித்த பெயின்ட் சில வாரங்களில் கொப்புளித்து உரிவதில் வியப்பில்லை. பொங்கல் கழிந்த கையோடு மாசி முடியும்வரைதான் சுவர் ஓரளவு காயும் காலம். சித்திரை வருஷப்பிறப்புக்கு வீட்டைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் இப்போதே இறங்க வேண்டும்.

முதலில் ஈரம் பார்க்க வேண்டும். முழ அகல பொலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டால் போதும். உட்பக்கம் நீர் முத்து முத்தாக நின்றால் பெயின்ட் டப்பாவைத் திறக்கக் கூடாது.

இனி ஸ்பிரே மெஷின். வேகம் அதிகம் என்பது உண்மைதான். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியின் பெருங்கட்டடங்களை வெள்ளையடிக்க நாள் போதாமல், குழாய் வழியே பீய்ச்சித்தான் வேலையை முடித்தார்கள். ஆனால் அங்கே அடுப்பும் கட்டிலும் பள்ளிப் புத்தகமும் இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் எல்லாவற்றையும் வெளியே தூக்கி, மிச்சத்தைத் தாள் ஒட்டி மூடுவதற்குள் ரோலர்காரர் ஒரு கோட்டிங்கை முடித்திருப்பார். நடுச்சுவர் கூரைவரை எழும்பாத பழைய லயங்களில் வண்ணப் புகை அடுத்த வீட்டுச் சோற்றுப் பானைக்கும் போகும். சண்டை இலவசம்.

அதனால், ஆள் குடியிருக்கும் லயத்துக்கு ரோலரே சரி. 7 பேர்ச் காணியில் எழும்பும் தனிவீட்டுக்கு, குடிபுகுமுன், ஸ்பிரே வாடகைக்கு எடுப்பதில் தப்பில்லை. அங்கேயும் சிமெந்துப் பூச்சு ஒரு மாதமாவது ஆறியிருக்க வேண்டும். சுவர் சொரசொரப்பாக இருந்தால், பீய்ச்சிய ஈரம் காயுமுன் இன்னொருவர் பின்னாலேயே ரோலர் உருட்டுவது நல்லது. இல்லாவிட்டால் பள்ளங்களில் பெயின்ட் பிடிக்காது. மெஷினை இயக்குபவருக்கு வடிகட்டி உள்ள முகமூடி கட்டாயம், முகத்தில் கட்டிய கைக்குட்டை போதாது.

களைக்கொல்லி அடிக்கும் முதுகு டாங்கியில் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றும் யோசனையை அடியோடு விட்டுவிட வேண்டும். சுண்ணாம்பு மூக்கை அடைக்கும், டாங்கியில் மிஞ்சிய மருந்து வீட்டுக்குள் வரும், தெறித்தால் கண்ணையும் புண்ணாக்கும். சுண்ணாம்புக்கு அகலப் பிரஷ்தான்: முதல்நாளே ஊறவைத்து, துணியில் வடித்து, சுவரை லேசாக நனைத்துவிட்டுப் பூச வேண்டும்.

சுண்ணாம்பு மேல் இமல்ஷன் அடிக்க விரும்புவோர், கையில் ஒட்டும் பொடி போகும்வரை சுரண்டி, பிரைமர் ஒன்று கொடுத்தாக வேண்டும். அடுப்படியில் விறகுப் புகை படிந்த கரியை சவர்க்காரத் தண்ணீரால் கழுவிக் காயவிடாமல் எதை அடித்தாலும் மஞ்சளாக மேலே கிளம்பும். கதவு, ஜன்னலில் பழைய எனாமல் இருந்தால் கவனம் தேவை. இலங்கையில் பெயின்டிலுள்ள ஈயத்துக்கு வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013இல்தான். அதற்கு முந்தைய பூச்சை உலர்ந்தபடி தேய்த்தால் தூசி பிள்ளைகளின் வாய்க்குள் போகும். நனைத்துத் தேய்த்து, துகளைத் தாளில் சுற்றி அகற்ற வேண்டும்.

காம்பரா ஒன்றின் சுவர்களுக்கு ஒரு கோட்டிங் அடிக்கச் சுமார் 4 லீற்றர் தேவை, மேடு பள்ளச் சுவர் இன்னும் குடிக்கும். முடி நீளமான ரோலர் வாங்குவது நல்லது. மூலைகளைப் பிரஷால் முடித்து, மேலிருந்து கீழாக, ஓரம் காயுமுன் அடுத்த பட்டையைச் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். காலைப் பனி விலகி ஒன்பது மணிக்குமேல் தொடங்கி, இஸ்தோப்புச் சுவரை மூன்று மணிக்குள் முடித்துவிடுவது உத்தமம். ரோலரைப் பீலியில் கழுவக் கூடாது. வாளித் தண்ணீரில் அலசி, குடிநீருக்கு எட்டாத குழியில் ஊற்ற வேண்டும்.