அரசாங்க உத்தியோகமும் நம் வாலிபரும்



இம்மாதப் பாடத்திற்கு நாம் எடுத்துக்கொண்ட விஷயம் அரசாங்க உத்தியோகமும் உயர்கல்விக்கான உதவிகளுமாகும். ஈப்போ நகரிலும், சுங்கை சிப்புட், பத்து காஜா, தெலுக் இந்தான் பகுதிகளின் பழைய தோட்டப்புறங்களிலும், பரீட்சை எழுதி முடித்து, அடுத்தது என்ன என்று தெரியாமல் நிற்கும் பிள்ளைகள் நம்மில் நிரம்ப உண்டு. பெற்றோரைக் கேட்டால், "சர்க்கார் வேலை நமக்கெல்லாம் எங்கே கிடைக்கப் போகிறது?" என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுகிறார்கள். பிள்ளையும் அதை நம்பிக் கடைக் கல்லாவில் போய் உட்கார்ந்து விடுகிறான். வியாபாரம் குறைந்த தொழில் என்று நாம் சொல்ல வரவில்லை. நபி பெருமானார் (ஸல்) அவர்களே வணிகம் செய்தவர்கள். ஆனால் வியாபாரத்தை விரும்பி ஏற்பது வேறு. வேறு வழி இருப்பதே தெரியாமல் அதில் ஒதுங்குவது வேறு. விண்ணப்பம் போட்டுக் கிடைக்காமற் போனவன் விதியை நொந்துகொள்ளலாம். விண்ணப்பமே போடாதவன் யாரை நொந்துகொள்வது?

1. உத்தியோகம் ஓர் அமானிதம்

யூசுப் (அலை) அவர்களின் சரித்திரம் நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரிந்ததே. சிறையிலிருந்து வெளிவந்த அவர்கள், எகிப்து நாட்டின் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் ஒப்படைக்கும்படி மன்னரிடம் கேட்டார்கள். அப்போது அவர்கள் தம் குலத்தையோ, தந்தையின் பெருமையையோ எடுத்துச் சொல்லவில்லை. காக்கும் திறன், அறிவு என்னும் இரண்டு தகுதிகளையே எடுத்துச் சொன்னார்கள். பஞ்ச காலத்தில் ஒரு தேசத்து ஜனங்கள் பசியாறியதற்கு அந்த நிர்வாகமே காரணமாயிற்று.

அந்நிய மண்ணில், தம் இனத்தவரல்லாதோர் நடத்திய ஆட்சியில், ஒரு நபி பொதுப்பணியை ஏற்று நடத்தினார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஆகவே, உத்தியோகம் என்பது மாதச் சம்பளத்துக்கான வழி மட்டுமன்று. ஜனங்களின் உரிமையைக் காக்கும் அமானிதமாகும். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு கிழவிக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பவரும், நில அலுவலகத்தில் ஒரு ஏழையின் பத்திரத்தைத் தேடித் தருபவரும் இந்த அமானிதத்தைச் சுமப்பவர்களே.

2. சரித்திரம் தரும் படிப்பினை

நம் முன்னோருக்கு அரசாங்கப் பணி புதியதன்று. மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லாவின் வம்சத்தில் அரபு இரத்தமும் தமிழ் இரத்தமும் கலந்திருந்தன. அவருக்கு மலாய், தமிழ், அரபு மொழிகளில் பயிற்சி இருந்தது. அந்த மொழி ஞானமே அவரை ராஃபிள்ஸ் துரையிடம் எழுத்தராக அமர்த்தியது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஜாவி பெரானக்கான் எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வழித்தோன்றல்கள், அரசாங்க அலுவலகங்களில் எழுத்தர்களாகவும் மொழிபெயர்ப்பாளர்களாகவும் விளங்கினர். 1876-இல் சிங்கப்பூரில் மலாய் மொழியில் பத்திரிகை தொடங்கியவர்களும் அவர்களே.

நமது பேராக் மாநிலத்திலேயே வேறு இரண்டு உதாரணங்கள் உண்டு. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு 1885-இல் முதல் ரயில் ஓடியது. அதன்பின் ரயில்வேயிலும் கருவூலத்திலும் குமாஸ்தா வேலைகளில் யாழ்ப்பாணத் தமிழர் ஏராளமாக அமர்ந்தனர். மிஷன் பள்ளிக்கூடங்களில் அவர்கள் பெற்ற ஆங்கிலமே அதற்குக் காரணம். 1905-இல் கோலக் கங்சாரில் மலாய்க் கல்லூரி நிறுவப்பட்டது. மலாய் இளைஞர்களை நிர்வாகத்துக்குப் பயிற்றும் நோக்கம் அதற்கு இருந்தது. 1910-இல் மலாய் நிர்வாகச் சேவை ஏற்பட்டபோது, அந்தக் கல்லூரியின் மாணாக்கர் அதில் இடம் பெற்றனர்.

அதே காலத்தில் தோட்டங்களில் இருந்த நம் தமிழ் ஜனங்களின் நிலை என்ன? தோட்டத்துப் பள்ளியில் படித்த பிள்ளைக்குக் கிராணியார் உத்தியோகமே எட்டாத உயரமாகத் தோன்றியது. பெரும்பாலோர் பால்வெட்டுக் கத்தியையே கையில் எடுத்தனர். 1950-களிலும் 1960-களிலும் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, அந்தக் கத்திக்கும் வேலை இல்லாமற் போயிற்று. நகரத்து முஸ்லிம்களாகிய நாம் அந்தத் தோட்டத்து ஜனங்களுக்குச் சாமான் விற்றுப் பிழைத்தவர்கள். ஆதலின், அவர்கள் கலைந்தபோது நம் கடைகளும் ஆட்டங்கண்டன.

இவற்றிலிருந்து தெரிய வருவது யாதெனில், உத்தியோக வாசலின் திறவுகோல் எப்போதும் மொழியும் படிப்புமாகவே இருந்து வந்திருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் அது ஆங்கிலம். 1967-இல் தேசிய மொழிச் சட்டம் வந்தபின் அது மலாய். நம் பிள்ளைகள் கடைவீதியில் சரளமாக மலாய் பேசுகிறார்கள். ஆனால் கடை மலாய் வேறு, பரீட்சை மலாய் வேறு. கட்டுரை எழுதத் தெரியாத மலாய், நேர்முகத் தேர்வு அறையின் கதவு வரையில்தான் நம்மைக் கொண்டுபோய் விடும்.

3. சட்டம் என்ன சொல்கிறது?

மெர்டேக்கா நாளான 1957 ஆகஸ்டு 31 முதல் நம் நாட்டில் பொதுச் சேவை ஆணையம் இயங்கி வருகிறது. அரசியலமைப்புச் சட்டத்தின் 139-ஆம் பிரிவு அதை ஏற்படுத்தியது. நியமனம், பணி உறுதி, பதவி உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை ஆகியவை அதன் அலுவல்கள். ஆசிரியர்களுக்குக் கல்விச் சேவை ஆணையமும், போலீசாருக்குப் போலீஸ் படை ஆணையமும் தனித்தனியே உள்ளன. மாநில அரசாங்கத்திலும் நகராண்மைக் கழகங்களிலும் வேறு நியமன வழிகள் இருப்பதால், ஒரே இடத்தில் பதிந்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது.

நம்மவர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று: "ஒதுக்கீடு இருக்கும்போது நமக்கு ஏது இடம்?" இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். 153-ஆம் பிரிவு மலாய்க்காரருக்கும் சபா, சரவாக் பூர்வகுடியினருக்கும் பொதுச் சேவையிலும் உபகாரச் சம்பளத்திலும் நியாயமான பங்கு ஒதுக்க வழி செய்கிறது. மற்றச் சமூகத்தாரின் நியாயமான நலன்களைக் காக்கும் பொறுப்பையும் அதே பிரிவு சொல்கிறது. பணியில் சேர்ந்தபின் ஒரே தரத்திலுள்ளோரை எந்த இனத்தவராயினும் பாரபட்சமின்றி நடத்த வேண்டும் என்பது 136-ஆம் பிரிவு. போட்டி கடுமையானது, கதவு அடைக்கப்பட்டதன்று. இரண்டையும் சேர்த்தே நாம் நினைவில் வைக்க வேண்டும்.

தமிழ் முஸ்லிமுக்கு மட்டும் உரிய சங்கடம் மற்றொன்று உண்டு. 160-ஆம் பிரிவு, இஸ்லாத்தைத் தழுவி, வழக்கமாக மலாய் பேசி, மலாய் வழக்காறுகளைப் பின்பற்றுபவரை மலாய்க்காரர் என்று வரையறுக்கிறது. பிறப்பிடம் பற்றிய நிபந்தனையும் அதில் உண்டு. இதை வைத்துச் சிலர் விண்ணப்பத்தில் இனம் என்ற இடத்தில் ஒரு தடவை ஒன்றும், மறு தடவை வேறொன்றும் எழுதுகிறார்கள். இது ஆபத்து. பிறப்புப் பத்திரத்திலும் அரசாங்கப் பதிவிலும் உள்ளபடியே எழுதுங்கள். இல்லாததை எழுதிப் பெற்ற பதவியில் பரக்கத் இராது. அது வெளிப்பட்டால் பதவியும் நிலைக்காது.

4. எந்த வாசல் வழியே நுழைவது?

எஸ்.பி.எம். முடித்தவர், டிப்ளோமா அல்லது எஸ்.டி.பி.எம். பெற்றவர், பட்டதாரி என மூன்று படிகளிலும் ஆள் எடுக்கிறார்கள். 2024 டிசம்பர் 1-இல் புதிய சம்பள முறை அமலுக்கு வந்தபின், பழைய 19, 29, 41 என்ற நுழைவுத் தரங்கள் முறையே 1, 5, 9 என்று மாறியுள்ளன. பழைய எண்ணை வைத்துத் தேடுகிறவர் குழம்ப வேண்டாம். நிர்வாக, அரசதந்திரச் சேவை என்பது பட்டதாரிகளுக்கான முதன்மையான உத்தியோகம். அதற்கு நுழைவுப் பரீட்சை, மதிப்பீடு, நேர்முகத் தேர்வு எனப் பல கட்டங்கள் உண்டு. பொது அறிவு, கணக்குச் சிந்தனை, மலாய் ஆங்கிலக் கட்டுரை ஆகியவற்றில் தினப் பயிற்சி இல்லாமல் அதில் தேறுவது கடினம்.

இன்ட்டெர்நெட் வழியே பொதுச் சேவை ஆணையத்தில் பதிந்துகொள்ளக் கட்டணம் கிடையாது. பதிவுக்குக் காலவரம்பு உண்டு. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். "ஒரு தடவை பதிந்தேன், கூப்பிடவே இல்லை" என்பார் பலர். பதிவு காலாவதியானது அவர்களுக்குத் தெரிந்திராது.

எஸ்.பி.எம். மலாய்ப் பாடத்தில் வெறும் தேர்ச்சி போதாது. பெரும்பாலான உத்தியோகங்களுக்குக் 'கெபுஜியான்' வேண்டும். தவறியவர்களுக்கு மறுபரீட்சை உண்டு. 2013 முதல் சரித்திரப் பாடத்தில் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது என்பதையும் நான்காம் பாரத்துப் பிள்ளைகள் மறக்கக் கூடாது.

சமயக் கல்வி பயின்றோருக்கும் வழி உண்டு. எஸ்.டி.ஏ.எம். என்னும் உயர் சமயச் சான்றிதழும் இஸ்லாமியப் பட்டங்களும் உள்ளவர், இஸ்லாமிய விவகார அதிகாரி போன்ற பதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். தமிழகத்தில், திருச்சி ஜமால் முகம்மது கல்லூரி போன்ற இடங்களில் படிக்க எண்ணுவோர், அந்தப் பட்டம் மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரம் பெற்றதா என்பதைப் புறப்படும் முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும். திரும்பி வந்து விசாரிப்பது கண் கெட்டபின் சூரிய நமஸ்காரம் போலாகும்.

ஆசிரியராக விரும்புவோருக்குப் பேராக்கை விட்டு வெளியே போகவும் தேவையில்லை. 1922-இல் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கியது இன்று தஞ்சோங் மாலிமில் கல்விப் பல்கலைக்கழகமாக நிற்கிறது. உலு கிந்தாவில் ஆசிரியர் பயிற்சிக் கழகம் உள்ளது. தொழில்நுட்பம் நாடுவோருக்கு ஈப்போ உங்கு ஒமார் போலிடெக்னிக்கும், மெட்ரிகுலேஷன் கிடைத்தோருக்குக் கோப்பெங்கில் கல்லூரியும் உண்டு.

5. உபகாரச் சம்பளம், கடன், பெல்லோஷிப்

இம்மூன்றையும் நம் ஜனங்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். உபகாரச் சம்பளம் என்பது படிப்புச் செலவுக்குத் தரப்படும் உதவி. அதற்கு ஈடாக இத்தனை ஆண்டுகள் பணி செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தம் பல சமயம் இருக்கும். பொதுச் சேவைத் துறையின் உதவிகளில் பல இவ்வகையைச் சேர்ந்தவை. ஒப்பந்தத்தை முழுதும் படித்து, ஜாமீன் நிற்பவருக்கும் விளக்கிய பின்னரே கையொப்பமிட வேண்டும்.

கடன் என்பது திருப்பித் தர வேண்டியது. 1997-இல் தொடங்கிய பி.டி.பி.டி.என். நிதியின் கடனுக்கு இன்று வட்டி முறை இல்லை. ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று வீதம் உஜ்ரா எனும் சேவைக் கட்டணமே உள்ளது. முதல் வகுப்பில் தேறிய பட்டதாரிகளுக்குத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்கு அளிக்கும் ஏற்பாடும் உண்டு. கடனை வாங்கிவிட்டுக் கட்டாமல் இருப்பது முஸ்லிமுக்கு அழகன்று. வறுமையிலுள்ள மாணவர் மாநில இஸ்லாமிய சமய மன்றத்தின் ஸகாத் கல்வி உதவியையும் நாடலாம். அதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. அது தகுதியுள்ளோரின் உரிமை.

பெல்லோஷிப் என்பது படித்து முடித்தவருக்குப் பயிற்சியோ, மேற்படிப்போ, குறித்த காலப் பணியோ அளிப்பது. 'டீச் ஃபார் மலேசியா' என்ற அமைப்பு 2010-இல் தோன்றியது. பட்டதாரிகளை இரண்டு ஆண்டுகள் வசதி குறைந்த பள்ளிகளில் கற்பிக்க அனுப்புவது அதன் திட்டம். தோட்டத்துப் பள்ளியில் படித்து முன்னேறிய ஒரு பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பணி எது? மேல்நாட்டில் முதுகலை படிக்க, 1959-இல் திட்டமிடப்பட்ட காமன்வெல்த் உபகாரச் சம்பளமும், பிரிட்டிஷ் அரசாங்கத்தின் 'செவனிங்' உதவியும் உண்டு. செவனிங் பெற ஏறத்தாழ இரண்டு ஆண்டு வேலை அனுபவமும், படித்தபின் தாய்நாடு திரும்பும் உறுதியும் வேண்டும்.

6. விலக்க வேண்டியவை

முதலாவது, "ஐயாயிரம் வெள்ளி கொடு, சர்க்கார் வேலை வாங்கித் தருகிறேன்" என்று வரும் தரகர். பணம் கொடுப்பது ஏமாறுவதோடு நிற்பதில்லை. லஞ்சக் குற்றமுமாகும், ஹராமுமாகும். இரண்டாவது, பென்ஷனுக்காக மட்டுமே உத்தியோகம் தேடுவது. 2024-க்குப் பின் புதிதாகச் சேர்வோருக்குப் பழைய பென்ஷன் முறை பொருந்துவதில்லை. சேமநிதிச் சந்தா முறையே உள்ளது. தந்தை காலத்துக் கணக்கை மகனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். மூன்றாவது, பெண்பிள்ளைகளைத் தடுப்பது. படித்த பெண்கள் பலர் நம் வீடுகளில் சான்றிதழைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். தாதி, ஆசிரியை, டாக்டர் தேவைப்படும்போது மட்டும் நம் வீட்டாருக்குப் பெண் உத்தியோகஸ்தர் வேண்டும் என்கிறோம். அவர்கள் எங்கிருந்து வருவார்கள்?

7. சங்கத்தின் கடமையும் வீட்டுப் பாடமும்

ஈப்போ பாடாங் அருகில் நம் முன்னோர் பள்ளிவாசல் எழுப்பியது 1908-இல். கையில் காசு சேர்ந்ததும் அவர்கள் முதலில் நினைத்தது சமுதாயத்தின் பொதுத் தேவையையே. இன்றைய பொதுத் தேவை, மாதம் ஒரு நாள் ஜும்ஆவுக்குப் பின் ஒரு மேஜையும், ஒரு கம்ப்யூட்டரும், விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த ஓர் உத்தியோகஸ்தரும். பணியிலிருந்து ஓய்வு பெற்ற நம் பெரியவர்கள் இதற்கு முன்வர வேண்டும்.

மாணவர்கள் இப்பாடத்தை வாசித்தபின் பின்வரும் கேள்விகளுக்கு விடை எழுதிப் பார்க்கவும்:

அ. என் எஸ்.பி.எம். மலாய்த் தரம் எது? அது போதுமா?
ஆ. நான் எந்த ஆணையத்தில் பதிந்திருக்கிறேன்? எப்போது புதுப்பிக்க வேண்டும்?
இ. நான் பெறும் உதவி இனாமா, கடனா, ஒப்பந்தமா?
ஈ. அந்த உத்தியோகம் கிடைத்தால் யாருக்கு என்ன நன்மை செய்வேன்?

நான்காம் கேள்விக்கு விடை எழுத முடிந்தவருக்கு நேர்முகத் தேர்வில் பாதி வேலை முடிந்தது என்று கொள்ளலாம். ஏனெனில் அங்கே கேட்கப்படுவதும் அதுதான். மறுமையில் கேட்கப்பட இருப்பதும் அதுதான்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், ஹலாலான ஜீவனத்தையும், அமானிதம் காக்கும் உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.