கோடையிலும் குழையாத வாசனை மெழுகுவத்தி

தாம்பரம்–வேளச்சேரி சாலையில் உள்ள ராஜகீழ்ப்பாக்கத்தில் வயல்கள் பெரும்பாலும் வீட்டு மனைகளாகிவிட்டன. சுற்றுவட்டாரத்தில் எஞ்சிய நிலத்தில் பாடுபடும் சிறு விவசாயக் குடும்பங்களுக்கு, வயலில் வேலை இல்லாத நாட்களில் கைகொடுக்கக்கூடிய உபதொழில் வாசனை மெழுகுவத்தி தயாரிப்பு. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் திருவிழா ஆகஸ்ட் 29-ல் தொடங்கி செப்டம்பர் 8 வரை நடக்கும். பின்னர் தீபாவளி, கார்த்திகை, கிறிஸ்துமஸ் என்று விற்பனைக் காலம் தொடரும். ஆனால் கலவையின் பக்குவம் தெரியாமல் இறங்கினால் போட்ட முதல் உருகிவிடும்.

இரு மெழுகுகளின் குணம்

பாரபின் மெழுகு கச்சா எண்ணெயிலிருந்து கிடைப்பது. மணலி சுத்திகரிப்பு ஆலையின் தயாரிப்புகளில் இதுவும் ஒன்று. சோயா மெழுகு, சோயா மொச்சை எண்ணெயில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி, வனஸ்பதி செய்வது போல ஆலையில் இறுகச் செய்வது. இதை வீட்டில் தயாரிக்க இயலாது; வாங்கத்தான் வேண்டும்.

கண்ணாடிக் குவளைக்கான சோயா மெழுகு சுமார் 50 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்கு முன்பே இளகத் தொடங்கும். மார்கழியில் உறையும் தேங்காய் எண்ணெய் சித்திரையில் ஓடுவதைப் பார்க்கிறோம் அல்லவா? தகரக் கூரையின் கீழ் அடுக்கிய தனி சோயா மெழுகுவத்தியும் வெயில் நாளில் குழைந்து எண்ணெய் கசியும். 58–60 டிகிரியில் உருகும் பாரபினைச் சேர்த்தால் உறுதி கிடைக்கும். வாசனையும் நன்கு பரவும். சோயா மெதுவாக எரிய உதவும்.

கலவை அளவு

கண்ணாடிக் குவளையில் ஊற்ற, ஒரு கிலோவுக்கு சோயா 600 கிராம், பாரபின் 400 கிராம் என்று தொடங்கலாம். அச்சில் வார்த்துத் தனியே நிற்க வேண்டிய வத்திக்கு பாரபின் 800 கிராம், சோயா 200 கிராம் போதும். வாசனை எண்ணெய் 60 கிராம். மெழுகுவத்திக்கென்றே விற்கும் எண்ணெயை வாங்க வேண்டும். நீர் கலந்த எசென்ஸ் மெழுகில் சேராது. தோட்டத்தில் மல்லிகை இருக்கிறதே என்று பூவைப் போடுவதும் தவறு. மணம் வராது; காய்ந்த இதழ் தீப்பற்றும்.

செய்முறை

கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் மற்றொரு பாத்திரத்தை வைத்து, முதலில் பாரபினையும் பிறகு சோயாவையும் உருக்கவும். வெப்பமானி 80 டிகிரி காட்டியதும் அடுப்பை அணைத்து, வாசனை எண்ணெயை ஊற்றி இரண்டு நிமிடம் கலக்கவும். 65 டிகிரிக்கு இறங்கியதும், நடுவில் பருத்தித் திரி பொருத்திய, ஈரமில்லாத தடித்த கண்ணாடிக் குவளையில் ஊற்றவும். விசிறிக் காற்று படாமல் ஆறட்டும். ஒரு வாரம் கழித்தே ஏற்றிப் பார்க்க வேண்டும்.

எச்சரிக்கை

மெழுகை ஒருபோதும் நேரடித் தீயில் வைக்கக் கூடாது. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. மெழுகு தெறித்துத் தீ பரவும். அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

சோதித்த பின் விற்பனை

வயல் முழுவதும் விதைக்கும் முன் முளைப்புத் திறன் பார்ப்பது போல, முதலில் ஆறு வத்திகள் மட்டும் செய்யுங்கள். இரண்டை உச்சி வெயில் நேரத்தில் தகரக் கூரையின் கீழ் நிழலில் வையுங்கள். குழைந்தால் அடுத்த முறை பாரபினை 100 கிராம் கூட்டி, சோயாவை அதே அளவு குறையுங்கள். மற்றவற்றைத் திரியைக் கால் அங்குலமாக நறுக்கி, கண் பார்வையிலேயே எரிய விடுங்கள். கரும்புகை வந்தால் திரி தடிமன். நடுவில் மட்டும் குழி விழுந்தால் திரி மெல்லியது.

மெழுகு, குவளை, திரி, எரிபொருள், வீணானது ஆகியவற்றோடு உங்கள் உழைப்புக்கான கூலியையும் சேர்த்தே விலை வைக்கவும். கூலியை விட்டுக் கணக்குப் பார்த்தால் லாபம் போலத் தோன்றும். கையில் ஒன்றும் மிஞ்சாது.