6 வோல்ட் ஜீப்பை 12 ஆக்கும்போது

இந்தக் குறிப்பு வடகரை, மேக்கரை பக்கம் பழைய பெட்ரோல் ஜீப் வைத்திருப்பவர்களுக்கு.

6 வோல்ட் காயிலை 12 வோல்ட் பேட்டரியில் அப்படியே கொடுத்தால் கரண்ட் இரண்டு மடங்காகும். பாயிண்ட் கருகும், காயில் கொதிக்கும். புதுசு வாங்கும்போது லேபிளை மட்டும் நம்பாமல், காயிலின் இரண்டு சிறு முனைகளுக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 3 ஓம் அளவில் காட்டினால் நேராக மாட்டலாம். 1.5 ஓம் என்றால் பேட்டரி வயருக்கும் காயிலுக்கும் நடுவே 1.5 ஓம் பேலஸ்ட் ரெசிஸ்டர் கட்டாயம். 3 ஓம் காயிலுக்கும் ரெசிஸ்டர் போட்டால் ஸ்பார்க் மங்கும். பழி கார்புரேட்டர் மேல் விழும்!

குற்றாலச் சாரல் காலத்தில் காயிலின் மேல்மூடியில் ஈரம் தங்காமல் துடையுங்கள். பல்பையும் ஹாரனையும்கூட 12 வோல்ட்டுக்கு மாற்ற வேண்டும்.