ரத்தக்குழாயில் எலும்பு

நம்பிக்கை: சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் உப்பு ஏறும், வெந்நீர்த் தவலையின் அடியில் கறை பிடிப்பதுபோல அது ரத்தக்குழாயில் படியும்.

உண்மை: தவலைக்கு உயிர் கிடையாது; ரத்தக்குழாய்ச் சுவருக்கு உண்டு. பல ஆண்டுகள் டயாலிசிஸ் செய்துகொண்ட சிலரின் மணிக்கட்டு எக்ஸ்ரேயில், எலும்பை ஒட்டி இரண்டு வெள்ளைக் கோடுகள் வண்டித்தடம் மாதிரி ஓடும். அது தமனி. சாதாரணமாக எக்ஸ்ரேயில் தெரியாத குழாய், எலும்பைப் போலத் தெரிகிறது. சுருங்கி விரிய வேண்டிய தசைச் செல்கள் எலும்பு கட்டும் செல்களின் குணத்துக்கு மாறிவிட்டன!

இது ஹார்மோன்களில் தொடங்குகிறது. சிறுநீரகம் தளர்ந்ததும், பாஸ்பரஸை வெளியேற்றச் சொல்லி எலும்பு எஃப்ஜிஎஃப்-23 என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. ரத்தப் பரிசோதனையில் பாஸ்பரஸ் சரியாக இருக்கும்போதே இது ஆரம்பித்துவிடும். அதனால் வைட்டமின் டி-யின் செயல்படும் வடிவம் குறைகிறது. கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் முடுக்கிவிடப்பட்டு எலும்பிலிருந்து கால்சியத்தையும் பாஸ்பரஸையும் உருவுகின்றன. சிறுநீரகம் தரும் க்ளோத்தோ என்ற காவல் புரதமும் வற்றுகிறது. 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் க்ளோத்தோவைக் கண்டறிந்தார்கள். இது இல்லாத எலிகளின் நாளங்கள் சிறு வயதிலேயே சுண்ணாம்பேறின. கடைசியில் தேங்கிய பாஸ்பரஸ் தசைச் செல்லுக்குள் புகுந்து அதன் தொழிலையே மாற்றுகிறது. டயாலிசிஸில் இருக்கும் இருபத்தைந்து வயதுக்காரரின் இதயத் தமனியில்கூடச் சுண்ணாம்பு தென்படுவது இதனால்தான். கொலஸ்ட்ரால் சரியாக இருக்கிறது என்று மட்டும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

நம்பிக்கை: சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் ஊற ஊசி போடுகிறார்கள், ஹீமோகுளோபின் ஏற ஏற நல்லது.

உண்மை: அந்த ஊசியும் ஒரு ஹார்மோன்தான், எரித்ரோபொய்டின். ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. நீரிழிவும் சிறுநீரக நோயும் உள்ளவர்களுக்கு ஹீமோகுளோபினை 13 வரை உயர்த்த முயன்ற பெரிய ஆய்வொன்றின் முடிவு 2009இல் வந்தது: பக்கவாதம் ஏறக்குறைய இரு மடங்கு. மருத்துவர் போதும் என்று நிறுத்தினால் கஞ்சத்தனம் என்று எண்ண வேண்டாம்.

நம்பிக்கை: பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரையை எப்போது போட்டால் என்ன?

உண்மை: இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. அந்த மாத்திரையின் வேலை ரத்தத்தில் இல்லை, குடலில். சோற்றோடு வரும் பாஸ்பரஸை அங்கேயே பிடித்து மலத்தோடு அனுப்ப வேண்டும். அதனால் தட்டில் சோறு இருக்கும்போதே, சாப்பாட்டோடு சாப்பாடாகப் போட வேண்டும். கை கழுவி, வெகுநேரம் கழித்து ஞாபகம் வந்து போட்டால், அதற்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது.