முதுகு ஆபரேஷனா? முதலில் எலும்பை எண்ணச் சொல்லுங்கள்

மேனாம்பேட்டுக்குப் பக்கத்திலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டை. லேத்தில் குனிந்து நிற்பவர்கள், லோடு இறக்குபவர்கள் என்று இந்தப் பக்கம் இடுப்புவலிக்குப் பஞ்சமில்லை. 'டிஸ்க் விலகியிருக்கு, ஆபரேஷன் பண்ணணும்' என்று கேட்டு வந்தவர்களுக்காக இது.

அவசரமா என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றபடி டிஸ்க்கால் காலில் இழுக்கும் வலி பலருக்கு 6 முதல் 12 வாரத்தில் கத்தியில்லாமலே தணிகிறது.

ஆபரேஷன்தான் என்று முடிவானால் 'எந்த லெவல்?' என்று கேளுங்கள். எல்4-எல்5, எல்5-எஸ்1 என்று ஏதோ ஓர் எண் சொல்வார்கள் (எல் என்றால் இடுப்பெலும்பு, எஸ் என்றால் அதற்குக் கீழே உள்ள திருவெலும்பு). அந்த எண்ணை எப்படிப் போட்டார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 என்பது பாடப்புத்தகக் கணக்கு. சிலருக்கு ஐந்தாவது இடுப்பெலும்பு கீழே உள்ள திருவெலும்போடு ஒட்டியிருக்கும். சிலருக்குத் திருவெலும்பின் முதல் துண்டு பிரிந்து ஆறாவதாக நிற்கும். இப்படிப்பட்டவர்கள் 100 பேரில் 4 பேர் என்கிற ஆய்வும் உண்டு, 30 பேருக்கு மேல் என்கிற ஆய்வும் உண்டு. அபார்ட்மென்டில் தரைத்தளத்தை ஒருவர் முதல் மாடி என்றும் இன்னொருவர் கிரவுண்டு என்றும் சொன்னால் பார்சல் எந்த வீட்டுக்குப் போகும்? ஒரே டிஸ்க்குக்கு இரண்டு பேர் இரண்டு எண் சொன்னாலும் அதே கதைதான், ஆனால் இங்கே போவது கத்தி.

ஆகவே ஸ்கேன் எடுக்கும்போதே கேட்டு வாங்குங்கள். இடுப்பு எம்.ஆர்.ஐ.யில் மேல்பகுதி தெரியாது. 'முழு முதுகுத்தண்டும் தெரியற மாதிரி ஒரு படம் சேர்த்து எடுங்க, கழுத்திலேர்ந்து எண்ணணும்' என்று சொன்னால் போதும், கூடுதலாகச் சில நிமிடங்கள்தான். கடைசி விலா எலும்பு தெரியும்படி நேராகவும் பக்கவாட்டிலும் சாதா எக்ஸ்ரேயும் வேண்டும். விலாவை மட்டும் நம்பி எண்ணவும் கூடாது. அதுவும் சிலருக்குக் குட்டையாக இருக்கும், சிலருக்கு ஒன்று கூடியிருக்கும்.

ரிப்போர்ட்டில் 'சாக்ரலைசேஷன்', 'லம்பரைசேஷன்', 'ட்ரான்சிஷனல் வெர்டிப்ரா' என்று ஏதாவது இருந்தால் (மேலே சொன்ன ஒட்டிய, பிரிந்த எலும்புக்கு வைத்த பெயர்கள்தான் இவை) அங்கே நில்லுங்கள். பயப்பட அல்ல, கேட்க. அந்த எலும்பின் பக்கச் சிறகு அகன்று, திருவெலும்போடு ஒரு போலி மூட்டுப் போட்டிருக்கலாம். அந்த மூட்டே வலிக்கும் என்பதை 1917-இல் இத்தாலிய மருத்துவர் பெர்டொலோட்டி எழுதிவைத்தார். வலி அங்கிருந்து வந்தால் டிஸ்க்கை எடுத்துப் பயனில்லை. படம் பார்த்தபடி அந்த மூட்டில் மரப்பு ஊசி போட்டு, வலி அடங்குகிறதா என்று சோதிக்கலாம். 'எனக்கு அது தேவையா டாக்டர்?' என்று தயங்காமல் கேளுங்கள். எலும்பின் பின்பக்கம் மூடாமல் இருப்பது, இரண்டு நரம்பு ஒன்றாக ஒட்டிக் கிளம்புவது போன்றவையும் சர்ஜனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை.

இ.எஸ்.ஐ. அட்டைக்காரர்கள் டிஸ்பென்சரியில் தொடங்கி அயனாவரம், கே.கே.நகர் என்று போவார்கள். ஸ்கேன் ஓரிடம், ஆபரேஷன் வேறிடம் ஆகும்போது எண் குழம்ப வாய்ப்பு அதிகம். ரிப்போர்ட் தாளோடு ஃபிலிம், சி.டி., பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். படத்தைப் பார்க்காமல் தாளை மட்டும் படித்து நாள் குறித்தால், நானாக இருந்தால் இன்னொருவரிடம் காட்டாமல் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஒப்புதல் படிவத்தில் லெவல், வலமா இடமா, 'ஆறு இடுப்பெலும்பு' போன்ற குறிப்பு எல்லாம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தியேட்டரில் சி-ஆர்ம் எக்ஸ்ரே வைத்து, ஊசியால் இடத்தைக் குறித்து, ஸ்கேனில் எண்ணிய அதே முறையில் மறுபடி எண்ணுவார்களா என்றும் கேளுங்கள். இது சந்தேகப்படுவதாகாது. கையெழுத்திடு, குறி, எக்ஸ்ரே எடு என்று வட அமெரிக்க முதுகுத்தண்டு மருத்துவர் சங்கமே 2001-இல் தன் உறுப்பினர்களுக்குச் சொன்னதுதான்.

டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அந்தக் குறிப்பு இருக்கட்டும். பின்னாளில் பிரசவத்துக்கோ குடலிறக்கத்துக்கோ முதுகில் மயக்க ஊசி போட வருபவர் பெரும்பாலும் இடுப்பின் இரு பக்கமும் உள்ள எலும்பு மேட்டைத் தொட்டுத்தான் இடம் கணிப்பார்; அவரிடமும் இதைக் காட்ட வேண்டும்.