அடக்கத் தெரிந்தவனுக்கு ஏன் நிறுத்தத் தெரியவில்லை?

கேள்வி: 9 வயது மகன் ஓராண்டாகக் கண்ணைச் சிமிட்டி, தோளைக் குலுக்குகிறான். பள்ளியில் அவ்வளவாக இல்லையாம். வீட்டில் வேண்டுமென்றே செய்கிறானா டாக்டர்?

பதில்: இல்லையம்மா. இதற்கு ‘டிக்’ என்று பெயர். தும்மலுக்கு முன் மூக்கு குறுகுறுக்குமே, அதுபோல் தோளில் ஓர் உந்துதல் எழும், குலுக்கினால்தான் அடங்கும். மூளையின் ஆழத்திலுள்ள பேசல் கேங்க்லியா வேண்டாத அசைவுகளை வடிகட்ட வேண்டும். அங்கே பிடி சற்றுத் தளர்ந்திருக்கிறது. மூளையின் முன்மடலின் பலத்தால் பள்ளியில் அடக்குகிறான். அதற்கே அவன் கவனத்தில் பாதி போய்விடும் (கணக்கில் மார்க் குறைந்தால் இதையும் நினைத்துப் பாருங்கள்). வீட்டுக்கு வந்ததும் பிடியை விடுகிறான். உங்களிடம் பயமில்லை என்று அர்த்தம்!

“செய்யாதே” என்றால் டிக் கூடும். பழக்கமாற்றுப் பயிற்சி உதவும்: உந்துதல் வந்ததும் தோளைத் தாழ்த்தி, முழங்கையை விலாவோடு அழுத்தி, அது தணியும்வரை வைத்திருப்பது. டிக் பெரும்பாலும் 10 முதல் 12 வயதில் உச்சத்தைத் தொட்டு, பிறகு குறையும். தொண்டைச் செருமல் போன்ற சத்தமும் சேர்ந்து ஓராண்டைத் தாண்டினால் டூரெட் எனலாம். குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். வகுப்பு ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.