கேட்டால் தெரிந்துவிடுமா?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் கோட் ரிவ்யூ இழுத்துக்கொண்டே போகிறது. என்ஜினீயர்களிடம் சர்வே எடுத்தால் காரணம் தெரியுமா?

பதில்: பாதிதான் தெரியும். மைக்ரோசாஃப்டில் பாக்கெல்லியும் பேர்டும் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ரிவ்யூ எதற்கு என்ற கேள்விக்குப் பிழை பிடிக்கத்தான் என்ற பதிலே முன்னால் நின்றது. ஆனால் 570 ரிவ்யூ குறிப்புகளைப் பிரித்துப் பார்த்தபோது, கோடைச் சீர்படுத்தும் யோசனைகளே அதிகம்; பிழை பற்றியவை குறைவு. யாரும் பொய் சொல்லவில்லை, நம்பியதைச் சொன்னார்கள். அப்படியானால் பதிவுகளை மட்டும் பார்த்தால் போதாதா என்பீர்கள். போதாது. ஒரு மாற்றம் மூன்று நாள் கிடந்தது பதிவில் தெரியும். கோட் புரியாததாலா, சீனியரிடம் குறை சொல்லத் தயங்கியதாலா என்பது ஆளைக் கேட்டால்தான் வரும் (அதுவும் பெயர் கேட்காமல்). பொதுவாக என்ன பிரச்சினை என்று கேட்டால் பொதுவான பதிலே கிடைக்கும். கடைசியாகப் பார்த்த ரிவ்யூ எங்கே நின்றது என்று கேளுங்கள்.